தெள்ளு இல்லாத குளம்

பால்மா கரைக்கத் தண்ணீர் பிடித்தபோது குழாய் வாயில் கட்டியிருந்த துணி வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. காலையில் மாற்றிக் கட்டிய வெள்ளைத் துணி. பத்து மணிக்குள் கீரைச் சட்டியைத் துடைத்த துணி மாதிரி ஆகிவிட்டது. அலசினேன், பிழிந்தேன், மறுபடி கட்டினேன். ஒரு நாளைக்கு நாலு தடவை இதே வேலை. கொதிக்க வைத்தால் நிறம் கொஞ்சம் அடங்குகிறது, வாடை அடங்குவதில்லை. பிள்ளைக் காம்பராவில் அன்றைக்குப் பதினாலு பிள்ளைகள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு முன்னால் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனால் பின்னேரம் நாலரைக்குத்தான் வந்து தூக்குவார்கள். அதுவரைக்கும் பால், சோறு, சளி, ஈரத்துணி எல்லாவற்றுக்கும் நான்தான். பதினாலு பேரில் ஒன்பது பேர் கோப்பையை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டார்கள். மிச்ச ஐந்து பேருக்கு மோந்து பார்க்கத் தெரியாத வயசு.

இதற்கெல்லாம் இராமையா அண்ணன்தான் காரணம் என்று தோட்டமே சொல்லிக்கொண்டிருந்தது. அவர்தான் குளத்தையும் குழாயையும் பார்த்துக்கொள்கிற தண்ணி வாச்சர். குளத்தில் உரப்பை கழுவினார், உரம் கரைந்து பாசி பிடித்துவிட்டது என்று குற்றம். இரண்டு கிழமையாக அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை ஆபீசில் விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும், வேலையோடு அவர் குடும்பம் குடியிருக்கிற லயக் காம்பராவும் போகும். அந்த விசாரணைக்குச் சாட்சி ஒரே ஒரு ஆள்தான். அது நான்.

நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். ஆபீஸ் கிளாக்கர் கனகரத்தினம் ஐயா ஒரு நாள் பிள்ளைகளின் பேர் பதிகிற இடாப்பைப் பார்க்க வந்த இடத்தில், “குளத்துப் பக்கம் ஆராவது ஏதும் செய்யிறதைக் கண்டனியோ பிள்ளை?” என்று கேட்டார். கேட்டால் பதில் சொல்லிவிடுகிற வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. “இராமையா அண்ணன் உரப்பைய அலசிக்கிட்டு இருந்தாருங்க, போன மாசம்” என்றேன். சொல்லிவிட்டு ஒரு பிள்ளைக்கு மூக்குத் துடைக்கப் போய்விட்டேன். மறுநாள் அது தட்டெழுத்தில் வந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் சொன்னதுதானே என்று போட்டேன்.

குளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலாம் நம்பர் மலைக்கு அடியில் வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டியது. அகலம் உண்டு, ஆழம் கிடையாது. நட்டநடுவில் நின்றாலும் எனக்கு நெஞ்சளவுதான். மூன்று லயத்துக்கும் அதிலிருந்துதான் குழாய் வருகிறது. முந்தியெல்லாம் தண்ணீர் அடி தெரியும். குளிக்கும்போது விழுந்த கொண்டை ஊசியைக் கரையில் நின்றே கண்டுபிடித்து எடுத்திருக்கிறேன். அடியில் கொடி கொடியாகத் தண்ணீர்ப்பூண்டு ஆடிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தத் தண்ணீரில் தெள்ளு இருந்தது. ஊசிமுனை அளவு பூச்சி. துள்ளித் துள்ளி நீந்தும். குழாயில் துணி கட்டினால் சாயங்காலத்துக்குள் ஒரு தேக்கரண்டி தெள்ளு சேர்ந்து, துணியை விரித்தால் சாம்பல் நிறத்தில் நெளியும். எனக்கு அதைப் பார்த்தாலே வயிற்றைக் குமட்டும். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தாலும் தெள்ளு, சொறி வந்தாலும் தெள்ளு என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நாட்டில் சாமான் ஒன்றுமே இல்லாமல் போன அந்த வருஷம், மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் சனம் வரிசையில் நின்ற காலத்தில், டவுனிலிருந்து ஒரு நிறுவனத்தார் வந்து தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சத்து போதாது, என்ன உதவி வேண்டும் என்று கேட்டார்கள். நான்தான் பெட்டிசம் எழுதினேன். என் கையாலேயே, நாலு பக்கம். குளத்தில் மீன் விட்டால் தெள்ளைத் தின்னும், பிள்ளைகளுக்கும் மீன் கிடைக்கும், ஒரே கல்யாணத்தில் இரண்டு விருந்து என்று எழுதினேன். அவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. லொறியில் பிளாஸ்டிக் பை பையாக மீன்குஞ்சு வந்தது. தோட்டத்துப் பெரிய துரை தன் கையால் முதல் பையை அவிழ்த்து விட்டார்; போட்டோ பிடித்தார்கள். கரையில் பலகை நட்டார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை சங்கம் பார்த்துப் பங்கு வைக்கும், மற்ற நாளில் மீன் பிடிக்கக் கூடாது என்று மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது. ஆறு மாதத்தில் துணி சுத்தமாக வந்தது. ஒரு தெள்ளு இல்லை. லயத்துப் பெண்கள் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிப்போனது. நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன், சொல்வதற்கென்ன.

அதற்குப் பிறகு தண்ணீர் லேசாக மங்கியது. மழைக் கலங்கல் என்றார்கள். அடுத்த வருஷம் அடி தெரியவில்லை. தண்ணீர்ப்பூண்டு அழுகிக் கரை ஒதுங்கியது. இந்த வருஷம் குளமே பச்சை. கரையிலிருந்து பார்த்தால் தண்ணீர் என்று சொல்ல முடியாது, கரைத்து வைத்த மருதாணி மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடந்து, மலை ஊற்று விழும் பீலிக்கரைக்குப் போய் வரிசையில் நின்றார்கள். கிழமை நாளில் அதற்கும் நேரமில்லை. எல்லாரும் பச்சையைத்தான் குடித்தோம்.

செவ்வாய்க்கிழமை பதுளையிலிருந்து ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை வந்தாள். பெயர் தர்மிளா, ஊர் யாழ்ப்பாணப் பக்கம். தோட்டத்துக் குளங்களைப் பற்றிப் படிக்கிறாளாம். கூட்டிக்கொண்டு போய்க் காட்ட ஆளில்லாமல் என்னை அனுப்பினார்கள். பிள்ளைகளை ஜீவராணி அக்காவின் மருமகள் பார்த்துக்கொண்டாள். ஜீவராணி அக்கா இராமையா அண்ணனின் சம்சாரம். அவர்கள் காம்பராவுக்கும் எங்கள் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவள் மருமகளிடமே உதவி கேட்கிற அளவுக்கு எனக்கு முகம் தடித்துப்போயிருந்தது.

தர்மிளா முழங்காலுக்கு மேல் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினாள். கையில் கூம்பு மாதிரி ஒரு வலை, சீலையை விட மெல்லிய துணியில் தைத்தது. இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பச்சைக் குழம்புதான் வந்தது. ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, கறுப்பாக ஒரு சின்னக் குமிழ்க் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“அக்கா, இந்தக் குளத்தில மீன் விட்டவையோ?”

“ஆமாங்க மிஸ், மூணு வருசமாச்சு.”

“அதுக்கு முதல் சின்னச் சின்னப் பூச்சியள் இருந்ததோ? துள்ளித் துள்ளி நீந்துறது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இருந்துச்சாவா? ஐயோ, அந்தக் கருமம் புடிச்சதுக்காகத்தான மிஸ் மீனையே விட்டோம். நான்தான் பெட்டிசம் எழுதினேன்.”

அவள் கண்ணாடியைத் துடைத்தாள். மீன் விடாத தண்ணீர் வேறு எங்காவது இருக்கிறதா என்று கேட்டாள். பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் சிமெந்துத் தொட்டி ஒன்று இருக்கிறது. தொழிற்சாலையை மூடி இருபது வருஷம். நாலாம் நம்பர் மலையிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிற கான் நடுவழியில் பிரிந்து அந்தத் தொட்டிக்கும் போகிறது. யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அட்டை கடிக்கக் கடிக்க அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

தொட்டியில் தண்ணீர் அடி தெரிந்தது. அடியில் கிடந்த சவுக்கு இலை, உடைந்த ஓடு எல்லாம் தெரிந்தது. தண்ணீருக்குள் தெள்ளு, ஆயிரக்கணக்கில், வெயில் விழுந்த இடத்தில் மேலும் கீழுமாக எழும்பிக்கொண்டிருந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு பார்த்ததும் தொட்டி விளிம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். தர்மிளா ஒன்றை எடுத்துத் தகட்டில் வைத்துக் குமிழ்க் கண்ணாடியை என்னிடம் தந்தாள்.

கண்ணாடியைப் போல உடம்பு. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிந்தது. தலையில் ஒரே ஒரு கறுப்புக் கண். முதுகில் நாலைந்து முட்டைகள். கால்கள் ஓயாமல் விசிறிக்கொண்டே இருந்தன, மூச்சு விடக்கூட நிற்கவில்லை. வயிற்றில் தலை முதல் வால் வரைக்கும் வளைந்து ஒரு பச்சைக் கோடு.

“அந்தப் பச்சை என்னாங்க மிஸ்?”

“அது தின்ட பாசி, அக்கா. உங்கட குளத்தைப் பச்சையாக்கினது அந்தப் பாசிதான். தனித்தனியாக் கண்ணுக்குத் தெரியாது. இது நாள் முழுக்கக் காலால தண்ணியை வடிச்சு வடிச்சு அதைத்தான் தின்னும். நீங்க குழாயில துணி கட்டுறீங்களெல்லே, அது மாதிரி. இதுகள் இருக்கேக்க ஒரு குளத்துத் தண்ணி முழுக்க ரெண்டு மூண்டு நாளில ஒருக்கா வடிபட்டுப் போடும்.”

நான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

“மீன் வந்து இதுகளைத் தின்டு முடிச்சிட்டுது. பிறகு பாசியைத் தின்ன ஆளில்லை. ஆழமில்லாத குளம், வெயில் அடி மட்டும் போகுது, பாசிக்கு வேற என்ன வேணும்? மீன் அடி மண்ணையும் கிண்டிக் கிண்டி விடுது.”

“அப்ப உரம்? உரப்பை கழுவினா பாசி புடிக்கும்னு சொல்றாங்களே?”

“உரம் மழையோட எப்பவும் வாறதுதானே அக்கா. தேயிலைக்குப் போடுறதில ஒரு பங்கு கானாலதான் வருது. இந்தத் தொட்டிக்கும் அதே கான்தானே? முந்தியும் வந்தது. முந்தி வாறதைத் தின்ன ஆள் இருந்தது. ஒரு உரப்பை கழுவி ஒரு குளம் பச்சையாகாது.”

தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். இதை ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா, நாளை மறுநாள் ஒரு மனுஷனின் வேலை போகிற விஷயம் என்று கேட்டேன். அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. மூன்று மாதம் தண்ணீர் எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு அவளுடைய பேராசிரியர் பார்க்க வேண்டும், இப்போது எழுத்தில் ஒன்றும் தர ஏலாது என்றாள். இரண்டு மணி பஸ்ஸுக்கு அவளை ஏற்றிவிட்டு வந்தேன். வருகிற வழியெல்லாம் அந்தப் பச்சைக் கோடுதான் கண்ணுக்குள் நின்றது. மூன்று வருஷம் எவ்வளவு பெருமை. த்தூ என்று என்னை நானே துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

புதன்கிழமை பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு எல்லாரும் வந்த பிறகு பக்கத்துக் காம்பராவுக்குப் போனேன். ஜீவராணி அக்கா காலை நீட்டிக்கொண்டு முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. இராமையா அண்ணன் படியில் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கிழமையில் தாடி வெள்ளையாக முளைத்திருந்தது.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும்.”

“சொன்னது பத்தலையா?” என்றாள் ஜீவராணி அக்கா, என்னைப் பார்க்காமல்.

நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மீன், தெள்ளு, பாசி, பெட்டிசம். என் வாயால் சொல்லக் கேட்கும்போது எனக்கே கட்டுக்கதை மாதிரி இருந்தது. அண்ணன் ஊசியை நிறுத்தவில்லை. கடைசித் தையலைப் போட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“அப்ப தெள்ளு நல்லதா?”

“நல்லதாம்ண்ணே.”

“பதினேழு வருசம் தெனமும் அதப் பாத்துக்கிட்டுத்தான் கரையில குந்தியிருந்தேன். நல்லதுன்னு தெரியாது. கெட்டதுன்னும் எனக்குத் தோணல. நீங்கதான் எல்லாரும் சேந்து கெட்டதுன்னு சொன்னீங்க.” செருப்பைக் காலில் போட்டுப் பார்த்தார். “நீ பொய் சொல்லல நிரஞ்சலா. நான் கழுவினேன். மழைக்குத் தலையில போட ஒரு உரப்பை. தோட்டத்துல எவன் அதக் கழுவாம தலையில போடுறான்? கழுவலன்னா கழுத்தெல்லாம் அரிக்கும். உன் வீட்டுக்காரன் இங்க வேல செஞ்சப்ப அவனும் கழுவித்தான் போட்டான். அதெல்லாம் உன் வாயில வரல. நான் மட்டும் வந்தேன்.”

“தெரியாம சொல்லிட்டேண்ணே.”

“அதுதான் எனக்கு வெறுத்துப்போச்சு. கோவத்துல சொல்லியிருந்தாக்கூட ஆறும். நீ ஒண்ணும் நெனைக்காம சொன்ன.” எழுந்தார். “இத எங்கிட்ட சொல்லி என்னா பண்ண? நாளைக்கு அங்க சொல்லு.”

உள்ளே போய்விட்டார். ஜீவராணி அக்கா எண்ணெய்ப் போத்தலை மூடினாள். மூடி சரியாக விழவில்லை, திருப்பித் திருப்பி மூடினாள். “கல்யாணம் கட்டி இந்தக் காம்பராவுக்குத்தான் வந்தேன். இந்த முழங்கால வச்சுக்கிட்டு வேற எங்கடி போவேன்?” என்றாள். அழுதிருந்தால் நானும் கூட உட்கார்ந்து அழுதிருப்பேன். அவள் அழவில்லை. நான் என் காம்பராவுக்கு வந்து, கொழும்பில் கடையில் வேலை செய்கிற என் வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன். “உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?” என்றார். மீன் விட்ட நாளிலும் இதையேதான் கேட்டார்.

விசாரணைக்கு இராமையா அண்ணனை வெளியே மர வாங்கில் உட்கார வைத்துவிட்டு என்னை முதலில் கூப்பிட்டார்கள். பெரிய துரை மேசைக்குப் பின்னால். பக்கத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். ஓரத்தில் கனகரத்தினம் ஐயா, படிவமும் பேனாவுமாக. துரைக்குப் பின்னால் சுவரில் அந்தப் போட்டோ, மீன்பையோடு அவர் குனிந்து நிற்கிறது. அவருக்குத் தமிழ் பாதி விளங்கும். நான் சொல்லச் சொல்ல ஐயா இங்கிலீசில் மாற்றிச் சொன்னார். “பூச்சி தண்ணியக் கழுவுதாம்” என்று உத்தியோகத்தர் வாய்விட்டுச் சிரித்தார். துரை சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்து, “மீன் நல்லம். மீன் பிள்ளைகளுக்கு” என்றார் தன் தமிழில். அடுத்த மாதம் அந்த நிறுவனத்தாரோடு வெளிநாட்டு ஆட்கள் மீன்குளத்தைப் பார்க்க வருகிறார்கள், மீனில் யாரும் கை வைக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லும்படி ஐயாவிடம் சொன்னார். ஒரு போன் வந்தது, எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் பேசிக்கொண்டிருந்தார்.

கனகரத்தினம் ஐயா பேனாவை மூடி வைத்தார். அவரும் களைத்துத்தான் இருந்தார். பென்சனுக்கு எத்தனை மாதம் என்று நாட்காட்டியில் கோடு போடுகிற ஆள். குரலைத் தாழ்த்தி, “பிள்ளை, நீ சொல்லுறது உண்மையாவே இருக்கட்டும். மீனின்ர பேரை நான் எழுதேலாது. இதில ‘பொறுப்பானவர்’ எண்டு ஒரு இடம் கிடக்கு. அது வெறுமையாப் போனா மேலயிருந்து திருப்பி அனுப்புவினம். ஒரு ஆளின்ர பேர் வேணும்” என்றார்.

“அப்ப என் பேர எழுதுங்க ஐயா.”

“என்னெண்டு எழுத?”

“பெட்டிசம் எழுதினது நான். மீன் கேட்டது நான். இராமையா அண்ணன் உரப்பை கழுவினாருன்னு சொன்னதும் நான்தான். அத வெட்டிட்டு என் பேரப் போடுங்க.”

“யோசிச்சுத்தான் கதைக்கிறியோ?”

யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் பிள்ளைக் காம்பரா ஞாபகத்துக்கு வந்திருக்கும், அங்கே மழையில் நனையாமல் இருக்கலாம் என்பதும் ஞாபகத்துக்கு வந்திருக்கும், வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருப்பேன். “எழுதுங்க ஐயா” என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு எழுதினார். எழுதி எனக்கு வாசித்தும் காட்டினார். தண்ணீரின் நிலைமையை உரிய காலத்தில் நிர்வாகத்துக்கு அறிவிக்கத் தவறியவர், பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளர் நிரஞ்சலா. அந்த வசனத்தில் மீனும் இல்லை, தெள்ளும் இல்லை, பாசியும் இல்லை. தண்ணீர் பச்சையாகிறது என்று நான் ஆபீசில் சொல்லாமலும் இருந்ததில்லை. இருந்தாலும் கையெழுத்துப் போட்டேன். துரை போனைக் காதில் வைத்துக்கொண்டே கீழே ஒரு கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தபோது இராமையா அண்ணன் வாங்கிலிருந்து எழுந்து நின்றார். அவரைப் பார்க்க முடியாமல் படியிறங்கி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவர் மறுபடி குளத்து வேலைக்குப் போனார். பிள்ளைக் காம்பராவை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு கொழுந்துக் கூடை தந்தார்கள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு மலைக்குப் போனேன். விரல் வெடித்தது, இடுப்பு விட்டுப்போனது. நிறுக்கிற இடத்தில் என் கொழுந்தைப் பார்த்துவிட்டுச் சின்னப் பெண்கள் சிரித்தார்கள். எனக்குப் பட்டப்பெயரும் வைத்தாயிற்று: தெள்ளக்கா. “தெள்ளக்கா, இன்னைக்கு எத்தன கிலோ?” என்று மலை முழுக்கக் கேட்டது. சண்டை பிடிக்கவும் தெம்பில்லை. குழாயில் பச்சைதான் வந்துகொண்டிருந்தது. ஜீவராணி அக்கா ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சிரட்டையில் அவளுடைய எண்ணெயை என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பேச்சு மட்டும் இல்லை. அண்ணனும் பேசவில்லை.

இரண்டாம் கிழமை ஒரு காலை, பெரட்டுக்குப் போகிற வழியில், பழைய தொழிற்சாலைப் பாதையில் யாரோ இறங்கி வருவது பனிக்குள் தெரிந்தது. தோளில் கம்பு, கம்பின் இரண்டு பக்கமும் வாளி. தண்ணீர் தளும்பாமல் இருக்க ஒவ்வொரு அடியாக வைத்து வந்தார் இராமையா அண்ணன். நான் ஒதுங்கி நின்றேன். என்னைக் கடந்து போனார். வாளிக்குள் பார்த்தேன். துள்ளிக்கொண்டிருந்தது, வாளி நிறைய.

பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் பின்னாலேயே போனேன். கரையில் வாளிகளை இறக்கிவைத்து மூச்சு வாங்கினார். அந்தப் பாதை முக்கால் மைல், அதில் பாதி ஏற்றம்.

“அண்ணே, மீன் தின்னுரும்.”

“தெரியும்.”

“பெறகு எதுக்குண்ணே?”

அவர் சால்வையால் கழுத்தைத் துடைத்தார். “மீன புடிக்கக் கூடாதுன்னு பலக போட்டிருக்காங்க. பூச்சிய விடக் கூடாதுன்னு யாரும் பலக போடல.” கொஞ்சம் பொறுத்து, “நாலு நாளா விடுறேன். நூத்துல ஒண்ணு கோரைக்குள்ள ஒளிஞ்சு பொழைக்காதா?” என்றார். என்னிடம் சொன்னாரா, குளத்திடம் சொன்னாரா தெரியவில்லை.

ஒரு வாளியை நான் தூக்கினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கோரை வளர்ந்திருந்த மூலைக்குப் போய் முழங்காலளவு தண்ணீரில் நின்றேன். காலடிச் சத்தத்துக்கே மீன்கள் வந்துவிட்டன, நாலு நாளில் பழகியிருந்தன. பச்சைக்குள்ளிருந்து முதுகு முதுகாக எழும்பி என்னைச் சுற்றி நின்றன. தண்ணீரின் மேல் சின்னச் சின்ன வாய்கள் திறந்து மூடின. வாளியைச் சாய்க்கக் கை வரவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன், தோள் வலித்தது.

இராமையா அண்ணன் மடியை அவிழ்த்தார். பழைய சோறு, ஒரு பிடி. கரையோரமாகத் தூரத்துக்கு நடந்து போய், அங்கே காலால் தண்ணீரைப் படார் படாரென்று அடித்து, சோற்றை எட்டி வீசினார். வாய்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பின. என் காலைச் சுற்றித் தண்ணீர் அமைதியானது.

“இப்ப ஊத்து” என்றார்.

ஊற்றினேன். கோரையின் அடியில் சாம்பல் நிறமாக அது இறங்கிப் பரவியது. அதற்குள் மூன்று நாலு மீன்கள் திரும்பி வரத் தொடங்கிவிட்டன. அங்கே அண்ணன் முழங்காலளவு பச்சைத் தண்ணீருக்குள் நின்றுகொண்டு, மடியில் இன்னும் சோறு ஒட்டியிருக்கிறதா என்று விரலால் துழாவிக்கொண்டிருந்தார்.